ஒரு முறை பார்த்துவிட்டு மதுரை

வைப்பர் ஓடுகிறது. ஓடி என்ன பிரயோஜனம், கண்ணாடியில் விழுகிற தண்ணீரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும் அங்கிருந்து இங்கேயும் தள்ளிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு அப்பால் வெள்ளை. அரைத்த மாவுக்குள் தலையை விட்ட மாதிரி வெள்ளை. தூத்துக்குடி ஓடுதளம் நேர் எதிரே இருக்கிறது என்று கருவி சொல்கிறது, நான் நம்புகிறேன், இருபது வருஷமாக இதை நம்பித்தான் சோறு தின்கிறேன், ஆனால் வயிறு நம்ப மாட்டேன் என்கிறது. நாம் இடது பக்கம் சாய்ந்து போகிறோம் என்கிறது வயிறு. சாயவில்லை. திரையில் கோடு நேராக இருக்கிறது. மேகத்துக்குள் வயிற்றை நம்பினவர்கள் யாரும் பென்ஷன் வாங்கினதில்லை. பக்கத்து இருக்கையில் துணை விமானி இர்ஃபான் உயரத்தை வாசித்துக்கொண்டு வருகிறான், வாணியம்பாடிக்காரன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பதற்றமானால் அவன் குரல் இன்னும் மெதுவாகும், இப்போது ரொம்ப மெதுவாக இருக்கிறது. பின்னால், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், இரண்டே பேர். அண்ணனும் தங்கையும். செத்துப்போன அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். சென்னையில் கிளம்புவதற்கு முன்னால் நானும் இர்ஃபானும் பேசிவைத்துக்கொண்டோம். ஒரு முறை இறங்கிப் பார்ப்பது, ஓடுதளம் தெரியவில்லை என்றால் ஏறி மதுரைக்குப் போய்விடுவது. மதுரையில் மழை இல்லை. ஒரு முறை பார்த்துவிட்டு மதுரை. சொன்னது நான்தான், இரண்டு தடவை சொன்னேன், அவன் இரண்டு தடவையும் தலையாட்டினான். பேச்சு முடிந்தது. பிறகு ஏன் அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று தெரியவில்லை.

எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க. காலையிலிருந்து இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கிறது. சாவு வீட்டுக்குக் கிளம்புகிற எவரும் முதலில் கேட்கிற கேள்வி, எப்படிச் செத்தார் என்பதுகூட அதற்கு அப்புறம்தான். ஐந்தரைக்குள் எடுத்துவிடுவார்களாம். இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும், இன்றைக்கே எடுக்க வேண்டும், ஏனென்றால் நாளைக்குச் சனிக்கிழமை. சனிக்கிழமை எடுத்தால் துணைக்கு இன்னொரு சாவைக் கூட்டிக்கொண்டு போகும் என்று பயம். பாடையில் கோழியைக் கட்டி அனுப்பினால் தோஷம் போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் இந்த வீட்டுப் பெரியவர்கள் கோழிக்குச் சம்மதிக்கவில்லை. மூத்த பிள்ளை வந்தால் வந்தான், வராவிட்டால் சித்தப்பா மகன் கொள்ளி வைப்பான். அதனால்தான் அந்த மூத்த பிள்ளை, ஆறுமுகநயினார், சென்னையில் விமானத்துக்கு நடையாய் நடந்திருக்கிறார். மழையால் தூத்துக்குடி விமானம் இரண்டும் ரத்து. பெரிய விமானம் போகவில்லையா, சரி, சின்ன விமானம் வாடகைக்கு எடு. இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று ஒருத்தர் கேட்கவில்லை. எங்கள் ஆபீஸில் புக்கிங் பார்க்கிற தினகர் போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார், "மேடம், உங்க முடிவுதான், நீங்க என்ன சொன்னாலும் ஃபுல் சப்போர்ட்." எல்லாரும் ஃபுல் சப்போர்ட்தான், தரையில் நின்றுகொண்டு. நான் மழைப்படத்தைப் பார்த்தேன். போகலாம், போகாமலும் இருக்கலாம் என்கிற மாதிரி இருந்தது. தெளிவாக மோசமாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி. அப்போது அந்தத் தங்கச்சி, சண்முகக்கனி, ஐம்பது வயது இருக்கும், கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு கைப்பையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தது கண்ணில் பட்டது. போகலாம் என்று சொன்னேன்.

"ஆயிரம்," என்கிறான் இர்ஃபான். ஆயிரம் அடி. விமானம் ஒரு உதறு உதறுகிறது, பின்னால் ஏதோ உருண்டு போகிறது, தண்ணீர் பாட்டிலாக இருக்கும். மேற்கே வல்லநாட்டு மலையைத் தாண்டியாயிற்று, இனிமேல் மோத மலை இல்லை, அந்த மட்டுக்கும் நல்லது. அறுநூறு அடி வரைக்கும் இறங்கலாம். அதை மினிமம் என்போம். அந்த உயரத்தில் ஓடுதளமோ அதன் விளக்கோ கண்ணால் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் ஏற வேண்டும், யோசிக்கக் கூடாது, அதற்கு மேல் யோசிப்பவனுக்கு மூளை இல்லை என்று அர்த்தம். எத்தனை பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். எழுநூறு. வெள்ளை சாம்பலாகிறது. கீழே ஏதோ கறுப்பாக ஓடுகிறது, உடைமரக் காடாக இருக்கும், மறுபடி மூடிக்கொள்கிறது. பின்னால் அந்த மனிதர் போனில் பேசுவது கேட்கிறது, இவ்வளவு கீழே வந்ததும் சிக்னல் கிடைத்துவிட்டது, அணைத்து வையுங்கள் என்று சொல்லியும் பேசுகிறார், "வந்துட்டோம்ல, மேல சுத்துதோம், எறங்கப் போறோம், சித்தப்பாட்ட சொல்லு." மேலே சுத்துகிறோம். "மினிமம்," என்கிறான் இர்ஃபான். பார்க்கிறேன். வைப்பர் ஒரு முறை, இரண்டு முறை. இல்லை. ஒன்றுமே இல்லை. "கோ அரௌண்ட்," என்கிறேன், கை தானாக லீவரைத் தள்ளுகிறது, எஞ்சின் அலறுகிறது, மூக்கு மேலே போகிறது, சக்கரத்தை மடக்கச் சொல்கிறேன், மடக்குகிறான். பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தமாகச் செய்தோம். இர்ஃபான் மூச்சு விடுவது ஹெட்போனில் கேட்கிறது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏறுகிறோம். கிழக்கே, உப்பளங்களுக்கு மேலே, கடலுக்கு மேலே. முதுகுக்குப் பின்னால் சட்டை நனைந்து இருக்கையோடு ஒட்டியிருக்கிறது. இப்போது மதுரை என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. கண்ட்ரோல் டவரிடம் சொல்ல வேண்டும், இர்ஃபானிடம் சொல்ல வேண்டும், அவன் அதற்குத்தான் என் வாயைப் பார்க்கிறான். சொல்கிறேன், இதோ சொல்கிறேன். என் அப்பா செத்தபோது நான் நேரத்துக்குப் போய்விட்டேன். டெல்லியிலிருந்து இரண்டு விமானம் மாறி, மதுரையில் காரைப் பிடித்து, தென்காசிக்கு மத்தியானமே போய்விட்டேன், யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே பிள்ளை நான். குளிப்பாட்டினார்கள், வாய்க்கரிசி போட்டேன், தூக்கினார்கள், கூடவே நடந்தேன், தெருமுக்கில் கூட்டம் நின்றது. பெரியப்பா மகன் திரும்பி, "அரசி, நீ இதோட நின்னுக்கோ," என்றான். கெட்டவன் இல்லை, நல்லவன்தான், நான் படிக்கிற காலத்தில் ஹாஸ்டலுக்கு அரிசி மூட்டை கொண்டுவந்து போட்டவன். பொம்பளைகள் அந்த முக்கோடு திரும்ப வேண்டும். நான் திரும்பினேன். விமானம் ஓட்டுகிறவள், நூற்றுக்கணக்கான பேரை ஏற்றி இறக்கினவள், ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை, திரும்பி வீட்டுக்கு வந்து மற்ற பெண்களோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். எட்டு வருஷம் ஆகிறது. இன்னும் எரிகிறது. நேரத்துக்கு வந்தும் என்னை விடவில்லை, இந்த ஆளை விடுவார்கள், வந்தால் போதும், ஆண்பிள்ளை, வந்து நின்றால் போதும், வழி விட்டுவிடுவார்கள். அப்படியானால் எனக்கு அந்த ஆள் மேல் ஆத்திரம்தானே வர வேண்டும். வரவில்லை. எப்படியாவது இவரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட வேண்டும் என்றுதான் வருகிறது. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. விமானம் ஓட்டும்போது வரக்கூடாத ஒன்று என்பது மட்டும் தெரியும்.

திரைச்சீலை விலகுகிறது. இந்த மாதிரி விமானத்தில் விமானிக்குக் கதவு கிடையாது, காரில் டிரைவரிடம் பேசுவது போலத் தோளைத் தட்டிப் பேசலாம். ஆறுமுகநயினார் முகம் என் காதுக்குப் பக்கத்தில், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வாயின் வாடை. "என்னாச்சு மேடம்? ஏன் மேல தூக்கிட்டீங்க?" "தெரியலை சார், ஓடுதளம் தெரியலை, போய் உக்காந்து பெல்ட் போடுங்க." "எங்க ஊரு மேடம் இது. ஏர்போர்ட்டுலருந்து வீடு இருபது நிமிஷம். தெருவுல கார் நிக்கி. பாடையெல்லாம் கட்டி வச்சுட்டாவ." அழவில்லை, அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். கணக்குச் சொல்வது போலச் சொல்கிறார். "ஐயாவ இப்போ வெளிய எடுத்து வச்சிருக்காவளாம். மழைக்குப் பந்தல் போட்டு அதுக்குக் கீழ வச்சிருக்காவ. ஒரு கால் மணி நேரம் பொறுக்கச் சொல்லியிருக்கேன்." பின்னாலிருந்து தங்கச்சி குரல், "அண்ணே, வந்து உக்காரு, அவங்க பாத்துக்கிடுவாங்க." அவங்க பாத்துக்கிடுவாங்க. அவர் போய் உட்கார்கிறார். மழைக்குப் பந்தல் போட்டு அதற்குக் கீழே. எல்லாப் பந்தலும் ஒழுகும். ஏதோ ஒரு மூலையில் தண்ணீர் கோத்துக்கொண்டு தொங்கும், யாராவது ஒருத்தன் கம்பால் மேலே தள்ளிவிடுவான், மொத்தமும் ஓரமாக நிற்கிறவன் தலையில் கொட்டும். அந்தக் கூட்டம் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இன்னும் வரலையா, இன்னும் வரலையா.

டவரிலிருந்து குரல் வருகிறது. மழை கொஞ்சம் குறைகிறது, பார்வைத் தூரம் சற்று முன்னால் இருந்ததைவிடக் கூடியிருக்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். மரியாதையாகத்தான் கேட்கிறார்கள், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் குறைகிறது. இதை ஏன் இப்போது சொன்னார்கள், இரண்டு நிமிஷம் கழித்துச் சொல்லியிருந்தால் மதுரை என்று சொல்லி முடித்திருப்பேன். எரிபொருள் பார்க்கிறேன். இன்னொரு முறை இறங்கிப் பார்த்தாலும் மதுரைக்குப் போக இருக்கிறது, அதற்கு மேலும் இருக்கிறது. ஆக அது சாக்கு இல்லை. ஒரு முறை என்று பேசினோமே என்றால், பேசினபோது மழை குறையும் என்று தெரியுமா? ஒரு முறை என்று சொன்னது ஒரு கணக்குக்குத்தானே, சாமி வாக்கா? பார், நன்றாகப் பார், எவ்வளவு அழகாகப் பேசுகிறது புத்தி, வக்கீல் வைத்த மாதிரி. தரையில் உட்கார்ந்து, வயிறு நிறைந்து, பயமில்லாமல் பேசின வார்த்தையை இங்கே பாதி நனைந்த சட்டையோடு மாற்றக்கூடாது என்பதற்காகத்தான் முதலிலேயே பேசி வைப்பது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டேதான், "இர்ஃபான், இன்னொரு தடவை பாக்கலாமா? மழை குறையுதுங்கறாங்க," என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லுடா. சொன்னால் மதுரைதான், சத்தியமாக மதுரைதான், நீ வேண்டாம் என்றாய் என்று தினகரிடம் சொல்லிக்கொள்வேன், அந்த ஆளிடம்கூடச் சொல்லிக்கொள்வேன். அவன் எதிரே இருக்கிற திரையைப் பார்த்தபடி சொன்னான், "நீங்க சொல்லுங்க மேடம்." அவனும் தினகர் மாதிரிதான். இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது, தினகர் தரையில் இருக்கிறார், இவன் என் பக்கத்தில் இருக்கிறான். இவனை இப்படிப் பழக்கினதே எங்களைப் போன்றவர்கள்தான். கேட்கிற மாதிரி கேட்போம், மறுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். "சரி, ஒரு தடவை," என்றேன். ஒரு தடவை என்று மறுபடியும் சொன்னேன், முதல் தடவை நடக்காத மாதிரி.

மறுபடி மேற்கே போய், மறுபடி திரும்பி, மறுபடி இறங்குகிறோம். மழை குறையவில்லை. டவருக்கு மேலே குறைந்திருக்கலாம், எங்கள் தலைக்கு மேலே குறையவில்லை, தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பது போலச் சத்தம். மழை ராடாரில் மஞ்சளுக்கு நடுவில் சிவப்பு ஒரு திட்டு, கையால் அழித்துவிடலாம் போல இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு. இந்த நேரத்தில் என்னென்னவோ ஞாபகம் வருகிறது, வீட்டில் காஸ் மூடினேனா, மகளுக்குப் பரீட்சைக்குப் பணம் கட்டும் கடைசித் தேதி எப்போது, அப்பாவுக்குக் காலில் பெருவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது, அதற்கு மருந்து போட வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னேன், கோடித்துணியைச் சுற்றிக் கட்டும்போது பார்த்தேன், அப்படியே இருந்தது. ஆயிரம். கவனம். வேகம் சரி. இறங்குகிற அளவு சரி. துணைக்கு இன்னொரு சாவு. யார் இதை இப்போது நினைக்கச் சொன்னது. இன்றைக்கு வெள்ளிக்கிழமைதான், இன்னும் சனி பிறக்கவில்லை. எண்ணூறு. வலது கை உள்ளங்கை வழுக்குகிறது, பேன்டில் துடைக்கிறேன், இர்ஃபான் அதைப் பார்த்துவிட்டான், பார்க்காத மாதிரி இருக்கிறான். எழுநூறு. இல்லை. ஒன்றும் இல்லை. "மினிமம்," என்கிறான். இல்லை என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் கை லீவரைத் தள்ளவில்லை. போன தடவை தானாகத் தள்ளின கை. "மினிமம், மேடம்." ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் என்று நான் வாய்விட்டுச் சொன்னேனா, நினைத்தேனா? ஐந்நூற்றைம்பது. இன்னும் கொஞ்சம். கொஞ்சம் என்பது எவ்வளவு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஐந்நூறு. அந்தப் பந்தலுக்குக் கீழே நிற்கிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

விளக்கு! இடது பக்கம், கொஞ்சம் இடது பக்கம், இரண்டு வரிசை, மஞ்சளும் வெள்ளையுமாக, மழைக்குள் ஊறி ஊறித் தெரிகிறது. இருக்கிறது, அதோ இருக்கிறது, நான் சொன்னேனே, ஒரு நிமிஷம் பொறுத்தால் கிடைக்கும் என்று. உடம்பு முழுக்கச் சந்தோஷம், வெட்கமில்லாத சந்தோஷம், சின்ன வயதில் தொலைந்த காசு கிடைத்த மாதிரி. "லைட்ஸ் இன் சைட்," என்கிறேன், சாய்க்கிறேன், இடது பக்கம், நேராக்குகிறேன். இடது பக்கம் ஏன் இருக்கிறது? கருவியில் ஓடுதளம் நேர் எதிரேதானே இருக்கிறது, இடது பக்கம் எப்படி வந்தது? காற்று தள்ளியிருக்கும். வடகிழக்குக் காற்று எங்களை வலது பக்கம் தள்ளிவிட்டது, அதனால் ஓடுதளம் இடது பக்கம் தெரிகிறது, சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் கருவியில் கோடு நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. நான் சாய்த்த பிறகுதான் இப்போது நகர்கிறது. இதையெல்லாம் ஒரு மூலையில் யாரோ சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள், நான்தான் கேட்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நினைத்ததைக் கண் பார்த்துவிட்டால் அதற்கு மேல் காது வேலை செய்வதில்லை. முந்நூறு அடி. இர்ஃபான் ஏதோ சொல்கிறான். இருநூறு. ஓடுதளத்தின் முனையில் இருக்க வேண்டிய பச்சை விளக்குகூடத் தெரிகிறது, வரிசையாக, நான்கு ஐந்து பச்சை, ஒரு சிவப்பு. ஓடுதளத்தின் தொடக்கத்தில் எதற்குச் சிவப்பு?

ஒரு கூரை. நீளமான கூரை, சாலைக்குக் குறுக்கே. அதற்குக் கீழே டோல் கட்டணம் கட்ட வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. தார்ப்பாய் போட்ட லாரி, அதன் மேலே மழைத் தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருக்கிறது, அந்தத் தண்ணீரில் துளி விழுவது தெரிகிறது, தெரியக் கூடாத அளவுக்குத் தெரிகிறது. பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் ஒரு பெண், இரண்டு பேர் மேலும் ஒரே பிளாஸ்டிக் ஷீட், அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். என்னையே பார்க்கிறாள். "அக்கா! ரோடு! அக்கா, அது ரோடு!" இர்ஃபான் கத்துகிறான், அவன் கை என் கைக்கு மேலே வந்து லீவரை முட்டத் தள்ளுகிறது, மறு கையால் இழுக்கிறான், நானும் இழுக்கிறேன், முதலில் அவன் இழுத்தான், பிறகுதான் நான், இதை நான் ஒருநாளும் மாற்றிச் சொல்ல முடியாது. எஞ்சின் அலறுகிறது, விமானம் அப்படியே தொங்குகிறது, ஏறவில்லை, விளக்குக் கம்பம் ஒன்று இறக்கையை நோக்கி வருகிறது, ஏறு, ஏறு, அம்மா தாயே ஏறு, வேகம் குறைகிற எச்சரிக்கைச் சத்தம், மூக்கைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும், தாழ்த்த மனசு வருமா, கீழே ஆள் நிற்கிறார்களே, இர்ஃபான் தாழ்த்துகிறான், நானாக இருந்தால் தாழ்த்தியிருக்க மாட்டேன், இழுத்துக்கொண்டே போய் எல்லாரையும் விழவைத்திருப்பேன். வெள்ளை. மறுபடி வெள்ளை. ஐந்நூறு, எண்ணூறு, ஆயிரம். யாரும் உயரத்தை வாசிக்கவில்லை, நானே பார்த்துக்கொண்டேன். பின்னால் யாரோ வாந்தி எடுக்கும் சத்தம்.

"மதுரை," என்றேன். இவ்வளவு நேரம் வராத வார்த்தை, எவ்வளவு சுலபமாக வந்தது. இர்ஃபான் டவரிடம் சொன்னான், கருவியில் மதுரைக்குத் தடம் போட்டான், சரிபார்க்க வேண்டியதை எல்லாம் ஒவ்வொன்றாக வாசித்தான், ஒன்றையும் விடவில்லை. நான் பதில் சொன்னேன். அருப்புக்கோட்டைக்கு மேலே மேகம் உடைந்து வெயில் வந்தது, சாயங்கால வெயில், வயலெல்லாம் தண்ணீர் பளபளவென்று, பார்க்கச் சகிக்காத அழகு. அந்தப் பெண் வீட்டுக்குப் போய் என்ன சொல்வாள்? தலைக்கு மேலே விமானம் வந்தது என்று சொல்வாள், யாரும் நம்ப மாட்டார்கள், விமானம் என்றால் மேலேதானே வரும் என்பார்கள். நாலு பேரைக் கொண்டுபோய் அந்தக் கூரை மேல் போட இருந்தேன். கீழே எத்தனை பேரோ. எதற்காக? ஒருவர் நெருப்பு வைப்பதற்காக. நெருப்பு வைப்பதற்கு. எனக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, இர்ஃபானுக்குக் கேட்காமலிருக்க ஹெட்போன் மைக்கைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டேன்.

மதுரையில் எல்லாரும் இறங்குகிற மாதிரி இறங்கினோம். தூறல்கூட இல்லை. படியை இறக்கிவிட்டு நான் கீழே நின்றேன், பயணிகள் இறங்கும்போது விமானி நிற்பது எங்கள் வழக்கம். சண்முகக்கனி முதலில் வந்தாள், புடவை முன்புறம் நனைந்திருந்தது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, என் முகத்தைப் பார்த்தாள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், இடது பக்கம். பார்த்திருக்கிறாள். ஆறுமுகநயினார் போனைப் பிடித்துக்கொண்டே இறங்கினார், அதன் திரையில் யாரோ தெருவில் நடந்தபடி காட்டிக்கொண்டிருந்தார்கள், குடைகளும் முதுகுகளும், நடுவில் பூப்போட்ட பாடை ஆடி ஆடிப் போனது, சங்கும் சேகண்டியும் விட்டுவிட்டுக் கேட்டன. எடுத்துவிட்டார்கள். அவர் அதைப் பார்த்து முடிக்காமலே என்னைப் பார்த்தார். "அவ்வளவு பக்கத்துல போனீங்களே மேடம். லைட்டெல்லாம் தெரிஞ்சுதே, நானே பாத்தேன். அப்புறம் எதுக்குத் தூக்குனீங்க?" போன் இருந்த கையைத் தாழ்த்தினார். "இன்னும் கொஞ்சம் தைரியமா எறக்கியிருக்கலாம். ஒரு ஆம்பளைப் பைலட்டா இருந்திருந்தா எறக்கியிருப்பான்." அவர் குரல் உடைந்தது, அப்போதுதான் முதல் முறையாக அழுதார், பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க. "ஸாரி சார்," என்றேன். வேறு எதைச் சொல்வது? தைரியமாகத்தான் இறக்கினேன் சார் என்றா? "அண்ணே, போதும், வா," என்று சண்முகக்கனி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள், இழுத்துக்கொண்டே போனாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இர்ஃபான் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, எஞ்சின் மூடிகளை மாட்டிக்கொண்டிருந்தான். பொறுமையாக, ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்து. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், இரண்டில் எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அந்த மனிதர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டுப் போகிறார், அதைச் சுமந்துகொள்ளலாம், காலத்துக்கும் சுமக்கலாம், அது பொய் என்பதால் கனமே இல்லை. "காலைல எட்டு மணிக்குக் கிளம்பலாம்னு தினகர் மெசேஜ் பண்ணியிருக்கார்ப்பா," என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவன் கடைசி வாரை இழுத்துக் கட்டினான். "நீங்க வேற யாரையாவது வரச்சொல்லுங்க மேடம். நான் இன்னைக்கே ட்ரெயின்ல போயிடறேன்." கோபமாகச் சொல்லவில்லை. முகத்தில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி, சென்னை வண்டி எல்லாம் நிரம்பியிருக்குமே, டிக்கெட் கிடைக்காதே என்று கேட்டேன். நிஜமாகவே அதைத்தான் கேட்டேன். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"பரவாயில்லை மேடம். நின்னுக்கிட்டே போயிக்கிறேன்."